பெயரிழந்த தானியம்: போர்பன் விஸ்கியில் பண்ணையும் வாலையும் பிரிந்த வரலாறு

தமிழில் மதுவின் மீதான வரிக்குக் ‘கலால்’ என்று பெயர். வட இந்திய மொழிகளில் இச்சொல் வரியைக் குறிப்பதன்று. சாராயம் வடித்து விற்பவரையும், அதைக் குலத்தொழிலாகக் கொண்ட சமூகத்தையும் அது குறிக்கும். வருவாய் நிர்வாகத்தின் வழியே தமிழுக்குள் வந்தபோது வடித்தவர் சொல்லிலிருந்து நீங்கினார். வரி மட்டும் எஞ்சியது. பழைய ஆவணங்களில் காணப்படும் ‘அப்காரி’யும் அத்தகையதே. பாரசீகத்தில் ‘ஆப்’ என்றால் நீர், ‘கார்’ என்றால் தொழில். வடிப்புத் தொழிலின் பெயர் இந்தியாவில் அத்தொழிலைக் கண்காணித்து வரி தண்டும் இலாகாவின் பெயராயிற்று.

தானியத்தை விளைவித்தவரே அதை வடிக்கவும் செய்த நிலை மாறி, வடிப்பு அரசின் பூட்டுக்குள்ளும் ஆலையின் மதிலுக்குள்ளும் சென்றது பல நாடுகளில் நிகழ்ந்திருக்கிறது. அம்மாற்றத்தைப் படிப்படியாகக் காணத் துணைசெய்யும் சான்றுகள் நிறைந்த ஒரு களம் அமெரிக்காவின் போர்பன் விஸ்கி. இன்று அந்நாட்டின் சில குடும்பப் பண்ணைகள் தம் வயலில் விளைந்த தானியத்தைக் கொண்டே போர்பன் வடிக்கின்றன. பழமைக்குத் திரும்புதல் என்று இம்முயற்சி போற்றப்படுகிறது. அது எந்தப் பழமை, அதில் எது திரும்பியிருக்கிறது, எது திரும்பவில்லை என்பவை வரலாற்று நோக்கில் ஆராயத்தக்க வினாக்கள்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

‘போர்பன்’ என்பது இந்திய வாசகருள் பலருக்கு முதலில் ஒரு பிஸ்கட்டின் பெயர்; வரலாற்று மாணவர்க்குப் பிரெஞ்சு அரசகுலத்தின் பெயர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரெஞ்சு மன்னர் செய்த உதவிக்கு நன்றியாக, வர்ஜீனியா மாநிலம் 1785-இல் தன் மேற்குப் பகுதியில் உருவாக்கிய மாவட்டமொன்றுக்கு அப்பெயரை இட்டது. 1792-இல் கெண்டக்கி தனி மாநிலமானபோது அம்மாவட்டம் அதனுள் அடங்கியது. விஸ்கிக்குப் பெயர் வந்தது இம்மாவட்டத்திலிருந்தா, அல்லது படகில் சென்று விற்பனையான நியூ ஆர்லியன்ஸ் நகரின் போர்பன் தெருவிலிருந்தா என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொருமை இல்லை. எவ்வாறாயினும், அம்மாவட்டத்தின் தலைமையூரான பாரிஸில் 1821-இல் வெளிவந்த செய்தித்தாள் விளம்பரமொன்றில் ‘போர்பன் விஸ்கி’ என்ற தொடர் அச்சேறிவிட்டது.

இன்று அது ஓர் ஊரைச் சாராத சட்டப்பெயர். 1964-இல் அமெரிக்க நாடாளுமன்றம் போர்பனை அந்நாட்டுக்கே உரிய தனிப் பொருளாக அறிவித்தது. விதிகள் தெளிவானவை: பயன்படுத்தும் தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளமாக இருக்க வேண்டும், வடிப்பின் ஆல்ககால் அளவு 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக்கலனுள், 62.5 விழுக்காட்டுக்கு மிகாத செறிவில் ஊற்றப்பட வேண்டும். புட்டியில் அடைக்கும்போது 40 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. நிறமோ சுவையோ புறத்திலிருந்து சேர்க்கப்படக்கூடாது. அமெரிக்காவின் எந்த மாநிலத்தில் வடித்தாலும் அது போர்பனே.

இவ்விதிகள் தானியத்தின் வகையைச் சொல்கின்றன, விகிதத்தைச் சொல்கின்றன, மரக்கலனின் இயல்பைச் சொல்கின்றன. தானியம் எங்கே விளைந்தது என்பது பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. பிரான்சின் கோன்யாக் எனும் பெயரைத் தாங்க வேண்டுமானால் திராட்சை அவ்வட்டாரத்துத் தோட்டங்களிலேயே விளைந்திருக்க வேண்டும். அமெரிக்க மண்ணின் தனிப்பொருளாகிய போர்பனுக்கோ அத்தகைய நிபந்தனை எதுவும் இல்லை. கெண்டக்கியின் பெரிய ஆலைகள் மக்காச்சோளத்தைப் பெரும்பாலும் அண்டைய வயல்களிலிருந்து வாங்கினாலும், அவற்றுக்கு வேண்டிய ரை தானியத்தில் பெரும்பகுதி வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது. சட்டத்தின் இம்மௌனம் தற்செயலானதன்று. அதற்குப் பின்னால் ஏறத்தாழ இருநூற்றுமுப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

வயலும் வாலையும் ஒன்றாயிருந்த காலம்

‘கார்ன்’ என்ற ஆங்கிலச் சொல் பழங்காலத்தில் எந்தத் தானியத்தையும் குறித்தது. 1815 முதல் 1846 வரை பிரிட்டனில் நடைமுறையிலிருந்த கார்ன் சட்டங்கள் கோதுமை முதலிய எல்லாத் தானியங்களின் இறக்குமதியையும் பற்றியவை. அமெரிக்கக் கண்டத்தில் தாம் முதன்முதலாகக் கண்ட பயிரை ஆங்கிலேயர் ‘இந்தியர்களின் தானியம்’ என்ற பொருளில் அடைமொழி சேர்த்து வழங்கினர். நாளடைவில் அடைமொழி நீங்கி, பொதுச்சொல் அப்பயிருக்கே சிறப்புப்பெயராயிற்று. தமிழும் இப்புதிய பயிருக்குத் தான் முன்பே அறிந்த சோளத்தின் பெயரோடு அடைமொழி சேர்த்து மக்காச்சோளம் என்றது. ஆயினும் தமிழில் அடைமொழி நிலைத்தது. ஆங்கிலத்தில் அது நீங்கியபோது, தென் மெக்சிகோவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அப்பயிரைப் புல்லிலிருந்து பண்படுத்திய தொல்குடிகளின் நினைவும் சொல்லிலிருந்து நீங்கியது.

அப்பலாச்சிய மலைகளைக் கடந்து மேற்கே சென்ற வெள்ளைக் குடியேறிகளுக்கு மக்காச்சோளம் உணவாக மட்டுமன்றி, நிலவுரிமைக்குச் சான்றாகவும் பயன்பட்டது. வர்ஜீனியாவின் 1779-ஆம் ஆண்டுச் சட்டம், 1778-க்கு முன்பே குடியேறி, ஓராண்டு தங்கியோ மக்காச்சோளம் விளைவித்தோ இருந்தவர்களுக்கு 400 ஏக்கர் நிலம் பெறும் உரிமையை அளித்தது. அந்நிலம் ஷானி, செரோகீ முதலிய தொல்குடிகள் தலைமுறைகளாக வேட்டையாடி வந்த நிலம். அவர்களுடைய பயிரே அவர்களுடைய நிலத்தின் மீது பிறர் உரிமை கோருவதற்குக் கருவியாயிற்று.

நிலம் கிடைத்தவர்க்கு அடுத்த இடர் சந்தை. விளைச்சல் மிகுதி, வாங்குவோர் மலைக்கு அப்பால், கிழக்குக் கரையில். பொதிகுதிரை ஒன்று ஏறத்தாழ 4 புஷெல் தானியத்தைச் சுமக்கும். அதே குதிரை 24 புஷெல் தானியத்தின் மதிப்பை விஸ்கியாகச் சுமக்கும் என்பது அக்காலக் கணக்கு. தானியம் பூசணம் பிடிக்கும், எலி தின்னும். பீப்பாயில் உள்ள விஸ்கிக்கு அவ்வச்சம் இல்லை. நாணயம் அரிதாயிருந்த எல்லைப்புறத்தில் கூலியும் கடனும் வாடகையும் விஸ்கியிலேயே தீர்க்கப்பட்டன.

வடிக்கும் முறை பண்ணையின் ஆண்டுச் சுழற்சியோடு இயைந்திருந்தது. அறுவடைக்குப் பின் தானியத்தை அரைத்து, வெந்நீரில் கூழாக்கி, முளைகட்டிய பார்லியைச் சேர்ப்பர். முளையிலுள்ள நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும்; ஈஸ்ட் அச்சர்க்கரையை ஆல்ககாலாக்கும். புளித்த கூழைச் செப்பு வாலையில் இட்டுக் காய்ச்சினால் ஆல்ககால் ஆவியாகிக் குளிர்ந்து சொட்டும். எஞ்சிய சக்கை பன்றிக்கும் மாட்டுக்கும் தீனி. அவற்றின் எரு மீண்டும் வயலுக்கு. வாலை இல்லாதவர் தம் தானியத்தை அண்டைப் பண்ணைக்குக் கொண்டுசென்று, மாவரைக்கக் கூலி கொடுப்பது போலவே வடிப்பில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு விஸ்கியுடன் திரும்பினர். 1810-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நாடெங்கும் 14,000-க்கு மேற்பட்ட வடிப்பிடங்களைப் பதிவுசெய்தது. அவற்றுள் மிகப் பல இத்தகைய பண்ணை வாலைகளே.

போர்பனைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு பாதிரியாரின் பெயரைச் சொல்லும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. சான்றுகளோ பலருடைய அடுக்களைகளையும் கொட்டகைகளையும் சுட்டுகின்றன. கெண்டக்கியின் கேசி மாவட்டத்தில் பண்ணை நடத்திய காதரின் கார்ப்பெண்டர் என்ற பெண்மணியின் 1818-ஆம் ஆண்டுக் கையெழுத்துக் குறிப்பு அவற்றுள் ஒன்று. முந்தைய வடிப்பில் எஞ்சிய புளித்த நீரைப் புதிய கூழில் சேர்க்கும் முறையை விளக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அது இடம்பெறுகிறது. பின்னர் 1830-களில் ஜேம்ஸ் குரோ என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அம்முறையை அளவுகளாலும் வெப்பமானியாலும் ஒழுங்குபடுத்திப் புகழ்பெற்றார். குரோவுக்கு முன்பே அது பண்ணைவீட்டு அறிவாக எழுதப்பட்டிருந்தது என்பதை மறத்தலாகாது.

1791: அளவையின் அரசியல்

பண்ணைக்கும் வாலைக்கும் இடையே முதல் ஆப்பு 1791-இல் செருகப்பட்டது. விடுதலைப் போரின் கடனை அடைக்க, நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் உள்நாட்டு வடிப்பின் மீது கலால் விதித்தார். வரியின் அளவினும் அதை அளந்த முறையே உழவரை வருத்தியது. நாட்டுப்புற வடிப்போர்க்கு வாலையின் கொள்ளளவைக் கொண்டு ஆண்டுத்தொகை கணக்கிடப்பட்டது. இரவுபகலாக, ஆண்டு முழுவதும் வடிக்கும் பெரிய ஆலைக்கு அத்தொகை கேலனுக்குக் கேலன் குறைந்துகொண்டே போயிற்று. அறுவடைக்குப் பின் சில வாரங்கள் மட்டும் வடிக்கும் உழவருக்கு அது கூடிற்று. வரி நாணயமாகவே செலுத்தப்பட வேண்டும்; அவர்களிடம் இருந்ததோ விஸ்கி. வரி செலுத்தாதவர் மலைகளைக் கடந்து தொலைவிலுள்ள பிலடெல்பியா நீதிமன்றத்திற்குச் செல்ல நேர்ந்தது.

1794 ஜூலையில் மேற்கு பென்சில்வேனியாவில் வரி மேற்பார்வையாளர் ஜான் நெவிலின் மாளிகை எரிக்கப்பட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட குடிப்படையைத் திரட்டி, அதன் தலைமையில் தாமே ஒரு பகுதித் தொலைவு சென்றார். கலகம் போரின்றிக் கலைந்தது. அரசத்துரோகக் குற்றம் உறுதிசெய்யப்பட்ட இருவரையும் வாஷிங்டனே மன்னித்தார். கெண்டக்கியில் வரி ஏறக்குறைய வசூலாகவே இல்லை. 1802-இல் ஜெபர்சன் ஆட்சியில் அது நீக்கப்பட்டது. 1812-ஆம் ஆண்டுப் போரையொட்டிய சில ஆண்டுகள் நீங்கலாக, 1862 வரை பண்ணை வாலைகள் மத்திய அரசின் வரியின்றி இயங்கின.

கலகம் அடங்கிய மூன்றாம் ஆண்டில், அதாவது 1797-இல், வாஷிங்டன் தம் மவுண்ட் வெர்னன் பண்ணையில் வடிப்பைத் தொடங்கினார். ஸ்காட்லாந்திலிருந்து வந்த பண்ணை மேலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அதற்குத் தூண்டுகோல். 1799-இல் ஐந்து செப்பு வாலைகளில் ஏறத்தாழ 11,000 கேலன், அதாவது 41,000 லிட்டருக்கு மேற்பட்ட விஸ்கி வடிக்கப்பட்டது. அக்காலத்தில் நாட்டின் மிகப் பெரிய வடிப்பிடங்களுள் அது ஒன்று. அவருடைய கலவையில் ரை 60 விழுக்காடு, மக்காச்சோளம் 35, முளைகட்டிய பார்லி 5. இன்றைய வரையறைப்படி அது போர்பன் அன்று, ரை விஸ்கி. எனினும் பண்ணைத் தானியம், பண்ணை வாலை, சக்கை தின்னும் பண்ணைப் பன்றிகள் என்ற முழுச் சுழற்சியும் அங்கே இருந்தது.

ஏட்டில் சொத்தாக எழுதப்பட்ட பெயர்கள்

அச்சுழற்சியை இயக்கிய கைகள் யாருடையவை? மவுண்ட் வெர்னன் ஆவணங்கள் விடை தருகின்றன: ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், திமொத்தி. அறுவரும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின ஆண்கள். அவர்கள் பெயர் கணக்கேட்டில் இருப்பது வடிப்போர் என்ற சிறப்பினால் அன்று, சொத்து என்ற வகையினால். கெண்டக்கியிலும் டென்னசியிலும் விறகு வெட்டுதல், தானியம் அரைத்தல், கூழ் கிளறுதல், வாலையைக் காத்தல், பீப்பாய் கட்டுதல் ஆகிய வேலைகளில் அடிமை உழைப்பு பரவலாகப் பயன்பட்டது. வடிப்பில் தேர்ந்த அடிமைகளின் திறமையைச் சொல்லி அவர்களை விற்கவும் வாடகைக்கு விடவும் விளம்பரங்கள் வெளிவந்தன.

போர்பனுக்கு நெருங்கிய உறவான டென்னசி விஸ்கியில் இவ்வுண்மை மிகத் தாமதமாகவே வெளிப்பட்டது. ஜாக் டேனியல் என்ற பெயர் உலகறிந்தது. அவர் சிறுவனாக வேலை செய்த பண்ணையில் வடிப்பைக் கற்பித்தவர் நாதன் ‘நியரஸ்ட்’ கிரீன் என்ற அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தவர். உள்ளூர் வாய்மொழியிலும் கிரீன் குடும்பத்தார் நினைவிலும் வாழ்ந்த இச்செய்தியை 2016-இல்தான் அந்நிறுவனம் பரந்த அளவில் முன்னிலைப்படுத்தியது. எனவே, ‘குடும்பப் பண்ணையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அறிவு’ என்று போர்பன் உலகில் சொல்லப்படும்போது, அவ்வறிவு எக்குடும்பத்தினுடையது என்ற வினா உடனெழ வேண்டும்.

பூட்டும் சாவியும்: 1862 முதல் 1933 வரை

உள்நாட்டுப் போரின் செலவுக்காக 1862-இல் கலால் மீண்டும் வந்தது. கேலனுக்கு 20 சென்ட் என்று தொடங்கி 1865-இல் 2 டாலராக உயர்ந்தது. பின்னர் குறைக்கப்பட்டாலும் இம்முறை வரி நீங்கவே இல்லை. உரிமம், பிணைத்தொகை, அரசு அளவையாளர், அரசின் பூட்டிட்ட கிடங்கு என்ற கட்டமைப்பு உருவாயிற்று. ஆண்டுக்குச் சில பீப்பாய் வடிக்கும் உழவரால் இச்செலவுகளைத் தாங்க இயலவில்லை. சிலர் வாலையை விற்றனர். சிலர் அதை மலையிடுக்குகளுக்குக் கொண்டுசென்று இரவில் வடித்தனர். நிலவொளி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் கள்ளச்சாராயத்துக்குப் பெயராக அமெரிக்க மலைப்பகுதிகளில் வேரூன்றியது. தந்தை பகலில் செய்த தொழிலை மகன் இரவில் செய்தபோது அது குற்றமாகியிருந்தது.

அரசின் பூட்டுக்கு மற்றொரு பயனும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெறும் ஆல்ககாலில் நிறமும் மணமும் கலந்து விஸ்கி என்று விற்கும் வழக்கம் பெருகியது. 1897-ஆம் ஆண்டின் பிணைக்கிடங்குச் சட்டம், ஒரே வடிப்பாளரால் ஒரே பருவத்தில் வடிக்கப்பட்டு, அரசுக் கண்காணிப்பிலுள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டுகள் முதிர்ந்து, 50 விழுக்காடு செறிவில் அடைக்கப்பட்ட விஸ்கிக்கு அரசின் உறுதிமொழியை அளித்தது. 1906-இல் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்தது. ‘விஸ்கி’ என்ற சொல் எதைக் குறிக்கலாம் என்ற வழக்காடலுக்கு 1909-இல் குடியரசுத் தலைவர் டாஃப்ட் தீர்ப்பு வழங்கினார். கேலிக் மொழிகளில் ‘உயிர்நீர்’ என்று பொருள்படும் தொடரில் நீரைக் குறிக்கும் முதற்சொல்லின் திரிபே விஸ்கி. வெறும் ‘நீர்’ என்று தொடங்கிய ஒரு சொல்லின் பொருளை ஒரு நாட்டின் தலைவர் வரையறுக்க நேர்ந்தது மொழி வரலாற்றில் அரிய நிகழ்வு.

இச்சட்டங்களால் குடிப்பவர் காக்கப்பட்டார். பெரிய, நேர்மையான ஆலைகளும் காக்கப்பட்டன. வடித்தவர், வடித்த பருவம், முதிர்ந்த காலம் ஆகிய அனைத்துக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது. விளைவித்தவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு எஞ்சிய சிற்றாலைகளையும் மூடியது. 1933 டிசம்பரில் அது நீங்கியபோது முதலும் கையிருப்பும் உள்ள பெருநிறுவனங்களே எழுந்து நின்றன. உற்பத்தியாளர், மொத்த வணிகர், சில்லறை வணிகர் ஆகியோரைத் தனித்தனியே பிரித்து வைக்கும் முறையைப் பல மாநிலங்கள் ஏற்றன. அங்கெல்லாம் தன் பண்ணை வாசலில் ஒரு புட்டி விற்கும் உரிமைகூட உழவருக்கு இல்லாமற் போயிற்று.

சிகாகோவில் கலந்த தானியம்

வரி வாலையைப் பண்ணையிலிருந்து பிரித்தது என்றால், சந்தை தானியத்தை உழவரிடமிருந்து பிரித்தது. இருப்புப்பாதை வருமுன் தானியம் சாக்குகளில் பயணித்தது. ஒவ்வொரு சாக்கும் இன்னார் வயலுடையது என்று தெரிந்தது. சிகாகோவில் எழுந்த பெருங்களஞ்சியங்களில் சாக்குக்கு இடமில்லை. பல பண்ணைகளின் தானியம் ஒரே குதிருக்குள் கொட்டப்பட்டது. 1848-இல் தோன்றிய சிகாகோ வணிக வாரியம் 1856-இல் கோதுமைக்குத் தரவகைகளை வகுத்தது. அதன்பின் உழவரிடம் இருந்தது இன்ன தரத்தில் இத்தனை புஷெல் என்ற சீட்டு மட்டுமே. மக்காச்சோளமும் அவ்வழியே சென்று, இன்று ‘இரண்டாம் எண் மஞ்சள்’ என்ற தரப்பெயரால் விலைபேசப்படுகிறது.

விதையும் பண்ணையை விட்டு நீங்கியது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க வயல்களில் மிக அரிதாயிருந்த கலப்பின மக்காச்சோளம் ஒரு தலைமுறைக்குள் பழைய வகைகளை ஏறத்தாழ முற்றிலும் அகற்றியது. விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் கலப்பினத்தின் மணிகளை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் அதே பயிர் வராது. ஆண்டுதோறும் விதை வாங்கியாக வேண்டும். அவ்விதைத் தொழிலின் முன்னோடி ஊர்களுள் ஒன்று சிகாகோவுக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் உள்ள இல்லினாய் மாநிலத்து டிகால்ப். சிறகு முளைத்த மக்காச்சோளக் கதிரைச் சின்னமாகக் கொண்ட விதைப்பெயர் அவ்வூரிலிருந்தே பரவியது.

திரும்பிய வாலை

அதே டிகால்பில் ஒரு குடும்பப் பண்ணை 2010-களில் வாலையை நிறுவியது. விஸ்கி ஏக்கர்ஸ் என்ற அவ்விடம் தன் வயலின் தானியத்தையே வடிக்கிறது. வணிக வகைகளோடு பழைய வண்ண மக்காச்சோள வகைகளையும் விளைவித்து ஒப்பிடுகிறது. கெண்டக்கியின் ஷெல்பிவில்லில் 2016-இல் திறந்த ஜெப்தா கிரீட், ‘பிளடி புட்சர்’ என்ற செந்நிறப் பழைய வகையைத் தன் பண்ணையில் பயிரிட்டு வடிக்கிறது. நெவாடாவின் ஃபாலனில் உள்ள ஃபிரே ராஞ்ச், மக்காச்சோளம், கோதுமை, ரை, பார்லி ஆகிய நான்கையும் தானே விளைவித்து, பார்லியைத் தானே முளைகட்டி, நான்கு தானியப் போர்பன் வடிக்கிறது.

இவை சட்ட மாற்றத்தின் விளைவுகள். நியூயார்க் மாநிலத்தின் 2007-ஆம் ஆண்டுப் பண்ணை வடிப்பாலைச் சட்டம், மூலப்பொருளில் குறைந்தது 75 விழுக்காடு அம்மாநிலத்தில் விளைந்ததாக இருந்தால், குறைந்த கட்டணத்தில் உரிமமும் தன் இடத்திலேயே விற்கும் உரிமையும் வழங்கியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மதுச் சட்டங்கள் சொல்லாது விட்ட ‘எங்கே விளைந்தது’ என்ற வினா அங்கே உரிமத்தின் நிபந்தனையாகவே எழுதப்பட்டது. நெவாடா 2013-இல் சிறு வடிப்பாலைகளுக்கு வழிவிட்டது. மத்திய அரசு 2017-இல் முதல் 1,00,000 புரூஃப் கேலனுக்கான கலாலை 13.50 டாலரிலிருந்து 2.70 டாலராகக் குறைத்து, 2020-இல் அதை நிலைப்படுத்தியது. பெரியவருக்குச் சாய்ந்த 1791-இன் அளவை சிறியவருக்குச் சற்றே சாய்வதற்கு 226 ஆண்டுகள் ஆயின.

வயலுக்குச் சுவையில் பங்கு உண்டா என்ற வினாவுக்கும் சான்று கிடைத்துவருகிறது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2019-இல் வெளியான ஆய்வொன்று, மக்காச்சோளத்தின் வகையும் அது விளைந்த இடமும் பீப்பாய்க்குச் செல்லுமுன் உள்ள வடிப்பின் சுவையையே மாற்றுவதைக் காட்டியது. தரச்சீட்டு ‘ஒன்றே’ என்று சொன்ன தானியம் ஒன்றன்று என்பது இதன் பொருள்.

எது திரும்பவில்லை

ஆயினும் இது 1790-களின் பண்ணைக்குத் திரும்புதல் அன்று. அன்று வாலை ஏழை உழவரின் கைப்பணம். இன்று அது நீண்டகால முதலீடு. செப்பு வாலையும் கிடங்கும் ஓக் பீப்பாய்களும் வாங்கிய பின், முதல் புட்டி முதிர நான்கைந்து ஆண்டுகள் வருவாயின்றிக் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒவ்வோர் ஆண்டும் பீப்பாயிலிருந்து ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். ஆயிரம் ஏக்கருக்கு மேல் உழும் குடும்பங்களால் இக்காத்திருப்பு இயலும். கடனில் நிற்கும் சிறு உழவரால் இயலாது. ஒரு புஷெல் மக்காச்சோளத்தைக் களஞ்சியத்துக்கு விற்றால் கிடைப்பது சில டாலர். அதே புஷெல் பத்துக்கு மேற்பட்ட புட்டிகளாகும். மதிப்புக் கூடும் அவ்வழி திறந்திருக்கிறது, ஆனால் அதன் வாசல் குறுகியது.

‘உள்ளூர்’ என்ற சொல்லும் எளிதானதன்று. ஃபாலன் வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 130 மில்லிமீட்டரே. அங்கே உழவு செழித்தது 1905 முதல் டிரக்கீ ஆற்றைத் திருப்பிய மத்திய அரசின் நியூலாண்ட்ஸ் பாசனத் திட்டத்தால். அவ்வாறு முன்பு சென்று சேர்ந்த பிரமிட் ஏரி பையூட் தொல்குடியினருடையது. ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தது. அவர்களுடைய வாழ்வுக்கு அடிப்படையாயிருந்த லஹோன்டன் டிரவுட் மீன் இனம் 1940-களுக்குள் அவ்வேரியிலிருந்து மறைந்து, பின்னர் வெளியிலிருந்து மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டது. இது எந்த ஒரு பண்ணையின் குற்றமும் அன்று, அரசின் தீர்மானம். எனினும் ‘எங்கள் மண், எங்கள் தானியம்’ என்ற தொடரில் நீர் யாருடையது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

மேலும், ‘கிராஃப்ட்’ எனும் சொல்லுக்கு மத்திய அரசின் மது விதிகளில் வரையறை இல்லை. பிற மாநிலத்துப் பேராலையில் வடித்ததை வாங்கித் தன் சீட்டை ஒட்டும் நிறுவனமும் அச்சொல்லைப் பயன்படுத்தலாம். ‘வடித்தவர்’ என்பதற்கும் ‘தயாரித்தவர்’ என்பதற்கும் சீட்டில் பெரும் வேறுபாடு உண்டு. வடித்த மாநிலம் வேறாயின் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி இருக்கிறது; விளைந்த இடத்தைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி இல்லை. நான்கு தானியத்தையும் தானே விளைவிக்கும் பண்ணையும் சந்தைத் தானியத்தை வாங்கி வடிக்கும் ஆலையும் சட்டத்தின் முன் ஒரே போர்பனையே விற்கின்றன.

ஆகவே பண்ணைப் போர்பனின் வரலாற்றுப் பொருள் அதன் சுவையோடு முடிவதில்லை. வரியும் சந்தையும் சேர்ந்து அழித்த ‘இன்னார் விளைவித்தது’ என்ற செய்தியை அது புட்டியின் மீது மீண்டும் எழுதுகிறது. இது சிறிய செயலன்று. ஆனால் அங்கே எழுதப்படுவது பெரும்பாலும் இன்றைய நிலவுடையவரின் குடும்பப்பெயர் மட்டுமே. பயிரைப் பண்படுத்திய தொல்குடிகளும், அடுக்களைக் குறிப்பில் முறையை எழுதிவைத்த பெண்களும், வாலையைக் காத்த ஹான்சனும் பீட்டரும் நியரஸ்ட் கிரீனும் அவ்வரலாற்றின் உரிமையாளர்களே. நியரஸ்ட் கிரீனின் பெயரைத் தாங்கிய விஸ்கி 2017 முதல் விற்பனையில் இருக்கிறது. வாஷிங்டனின் வடிப்பிடம் 2007-இல் மறுகட்டமைக்கப்பட்டு, பழைய கலவையிலேயே இன்றும் வடிக்கிறது. அங்கே உழைத்த அறுவரின் பெயர்களும் அவ்விடத்தின் வரலாற்றோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. கலால் என்ற சொல்லில் தொலைந்த வடிப்பாளரைத் தேடும் பணி இந்தியாவில் இன்னும் முறையாகத் தொடங்கப்பட வேண்டியிருக்கிறது.